நீ பகலிலும் நான் மாலையிலும் படித்த எம்.பி.ஏ.

இன்று காலை வரவேற்பு மேசைக்கு வந்தபோது புது அச்சு மையின் வாசனை அடித்தது. நம் இடத்தில் இப்போது நிற்கும் அனிதா, எம்.பி.ஏ. படிப்புக்கான இரண்டு கையேடுகளைப் அருகருகே விரித்து வைத்திருந்தாள். ஒன்று முழுநேரம், மற்றது பகுதிநேரம். என்னைக் கண்டதும் பதிவேட்டை இழுத்து அவற்றை மூடப் பார்த்தாள். நான் பார்க்காததுபோல என் அறைக்குள் போய் உட்கார்ந்து சிரித்தேன். உனக்கு எழுதத் தோன்றியது.

நாம் இருவரும் அந்த மேசைக்குப் பின்னால் ஏழு வருஷம் நின்றோம். தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கியவர்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு நேரே நம் ஓட்டலுக்குத்தான் வருவார்கள். நீ போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்தவள். நான் ஸ்ரீவராகம் தெருவிலிருந்து தினமும் நடந்தே வருகிறவள். ஆரம்பத்தில் என் பேச்சைக் கேட்டு நீ சிரித்தாய், உன் மலையாளம் கலந்த பேச்சைக் கேட்டு நான் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் விருந்தினர்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தோம்.

மேலாளர் பதவி காலியானபோது நம்மில் ஒருவருக்குத்தான் அது கிடைக்கும் என்று எல்லாருமே நினைத்தார்கள். வெளியிலிருந்து எம்.பி.ஏ. படித்த ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எந்தச் சாவி எந்த ஆணியில் தொங்கும் என்பதிலிருந்து எல்லாவற்றையும் அவருக்கு நாம்தான் சொல்லிக்கொடுத்தோம். மூன்றாம் நாள் நீ என் காதருகே வந்து, “எடீ, நாமளும் அத படிச்சிருவோம், கேட்டோ. சாவி எங்க இருக்குன்னு நமக்குத் தெரியும்ல, பாதி படிப்பு முடிஞ்சிருச்சு” என்றாய்.

நுழைவுத் தேர்வில் இருவரும் தேறிவிட்டோம். தகராறு அதற்குப் பிறகுதான் வந்தது. நான் வேலையை விட்டுவிட்டு முழுநேரம் இரண்டு வருஷம் படிப்பதாக இருந்தேன். நின்று நின்று கால் ஓய்ந்துபோயிருந்தது. என் கணவரும், “ரெண்டு வருஷம்தானே, சமாளிச்சுக்கலாம்” என்று சொல்லியிருந்தார். நீ வேலையில் இருந்துகொண்டே மாலை வகுப்பில் மூன்று வருஷம் படிப்பதாக இருந்தாய். வீடு உன் சம்பளத்தை எதிர்பார்த்திருந்தது.

விண்ணப்பம் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் நீ என்னைப் பிடித்து உட்கார வைத்தாய். 

“ஒருநா லீவு போட்டாலே மூணுதடவ போன் பண்ணி, ‘இருநூத்தி நாலு ரூம்காரர் போயாச்சா’ன்னு கேக்குற ஆளு நீ. ரெண்டு வருஷம் வெளிய இருந்தா உனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும். படிச்சத அன்னைக்கே செஞ்சு பாத்தாத்தான் உனக்கு மண்டைல ஏறும்.”

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னதால் வந்த கோபம். திருப்பிக் கொடுத்தேன்.

“நீ மட்டும் என்ன? பி.காம். தபால்ல படிச்சே. கம்ப்யூட்டர் கோர்ஸ் டியூட்டி முடிஞ்சப்புறம் படிச்சே. என்னிக்காவது பகல்ல ஒரு காலேஜ்ல உக்காந்திருக்கியோ? நான் மூணு வருஷம் உக்காந்தாச்சு. நியாயமாப் பாத்தா நீதான் முழுநேரம் சேரணும்.”

நீ ஏற்கெனவே சர்க்கரை போட்ட டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாய்.

அந்த வாரம் நமக்கு வேறு வேறு ஷிஃப்ட். சேர்க்கைப் பட்டியல் வந்த அன்றுதான் கல்லூரி வாசலில் சந்தித்தோம். அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. நான் பகுதிநேரத் தாளின் முன்னால் போய் நின்றேன். நீ முழுநேரத் தாளின் முன்னால் நின்றாய்.

“உன் லிஸ்ட் இங்க இருக்குடீ” என்றாய்.

“உன்னோடதுதான் இங்க இருக்கு” என்றேன் நான்.

ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு ஒரே சமயத்தில் இருவருக்கும் புரிந்தது. நீ சொன்னதைக் கேட்டு நான் பகுதிநேரத்துக்கு மாறியிருந்தேன். நான் சொன்னதைக் கேட்டு நீ முழுநேரத்துக்கு மாறியிருந்தாய். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மற்றவளை அசத்த வேண்டும் என்று இருவருமே வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறோம். அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம். உள்ளேயிருந்து எழுத்தர் எட்டிப் பார்த்து, “மாற்றணமெங்கில் நாலு மணிக்கு முன்பு பறயணம், கேட்டோ” என்று, நாலு மணிவரை மாற்றிக்கொள்ளலாம் என்பதை மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

நான் எழுந்தேன். முழுநேரத்துக்கே மாற்றிக்கொண்டு உன்னோடு வந்துவிடலாம் என்று தோன்றியது. நீ என் கையைப் பிடித்து உட்கார வைத்தாய். “இப்ப மாத்துனா எனக்காக மாத்துறே. அது வேண்டாம். டீக்கடைல பேசினது ரெண்டும் இன்னும் சரிதான?” சரிதான் என்று பட்டது. நாலு மணி அடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

அதற்குள் நீ உன் அம்மாவிடம் பேசிவிட்டிருந்தாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. “நான் இன்னும் கொழுந்து எடுக்கப் போய்க்கிட்டுத்தான இருக்கேன். நீ போய்ப் படி” என்றாராம். அவ்வளவுதான் பேச்சு.

முதல் மாதம் நீ மதிய இடைவேளையில் தினமும் என்னை அழைத்தாய். வகுப்பில் எல்லாருக்கும் உன்னைவிடப் பத்து வயது குறைவு. எல்லாரும் உன்னைச் சேச்சி என்றார்கள். “பெஞ்சு நல்லா இருக்கு, ஃபேன் ஓடுது, யாரும் ரூம் சாவி கேக்கல. எனக்கு என்ன செய்யன்னே தெரியல” என்றாய். நான் மாலை வகுப்பில் கன்னத்தில் கை வைத்துத் தூங்கி, அரைகுறையாகக் கேட்டதை மறுநாள் காலையில் வரவேற்பு மேசையில் முயன்று பார்த்தேன். அறை ஒதுக்கும் முறையை நான் மாற்றிய அன்று ஒரே அறைக்குள் இரண்டு குடும்பங்கள் போய்விட்டன.

சனி, ஞாயிறில் நீ அதே ஓட்டலுக்கு கைச்செலவுக்காக விருந்து மண்டபப் பதிவைக் கவனிக்க வருவாய். அதுதான் நமக்கு மூன்றாவது வகுப்பு. நூலகத்தில் உட்கார்ந்து நீ முழுதாகப் படித்ததை எனக்குச் சொல்லுவாய். அந்த வாரம் ஓட்டலில் நடந்த கூத்தை நான் சொல்லுவேன். நீ அதை உன் கட்டுரையில் எழுதி, என்னைவிட அதிக மதிப்பெண் வாங்குவாய்.

வேலைக்கான நேர்காணலில் மூன்று இடங்களில் உன்னைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த நாள்களில் மட்டும் நீ சிரிக்கவில்லை. உன்னை மாற்றிவிட்டது நான்தானே என்று என்னை நொந்துகொண்டேன். நான்காவதாக ஒரு மருத்துவமனை. நல்ல வேலையை விட்டுவிட்டு ஏன் முழுநேரம் படித்தீர்கள், மாலையில் படித்திருக்கலாமே என்று கேட்டார்களாம். “பகல் வெளிச்சத்துல ஒரு தடவ படிச்சுப் பாக்கணும்னு தோணுச்சு சார்” என்று சொன்னாயாம். வேலை கிடைத்தது. நோயாளிகள் காத்திருக்கும் பகுதியின் பொறுப்பு முழுவதும் உனக்கு. ஆறு மாதத்தில் அங்கே டோக்கனும் நாற்காலியும் வரிசையும் நேராயின.

எனக்கு மேலாளர் நாற்காலி கிடைத்த அன்று நீ வந்தாய். வாடிக்கையாளர்போல மேசைக்கு எதிரே நின்று, “கடல் தெரியுற ரூம் வேணும்” என்றாய். தம்பானூரில் எங்கே கடல் என்று நான் கேட்டதற்கு, மேலாளரைக் கூப்பிடச் சொன்னாய்.

நோய் வந்தபோதும் நீ உன் வரிசையிலேயே உட்கார்ந்தாய். உள்ளே நேராகப் போகலாம் என்று செவிலியர் அழைத்தார். “நான் போட்ட வரிசைய நானே ஒடைக்கவா?” என்று டோக்கனைக் காட்டினாய். உன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். நாற்காலியின் முதுகு சரியில்லை, நோயாளி ஆன பிறகுதான் தெரிகிறது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டாய். அடுத்த முறை நாம் போனபோது நாற்காலிகள் மாறியிருந்தன. அங்கே உட்கார்ந்துதான் ஒருநாள் கேட்டேன், நம்மில் யார் எடுத்த முடிவு சரி என்று. “அதச் சொல்ல இன்னும் இருபது வருஷமாவது வேணும்டீ” என்றாய்.

அந்த இருபது வருஷம் நமக்குக் கிடைக்கவில்லை. அதனால் கேள்வி இன்னும் தீரவில்லை. எந்தப் படிப்பில் சேரலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இரண்டு பதில் சொல்கிறேன். முதலில் என்னுடையது, அது சுருக்கமாக முடிந்துவிடும். பிறகு உன்னுடையது. அதைச் சொல்லும்போது என் பேச்சு மெல்ல மாறிவிடுகிறது. கேட்டோ என்கிறேன், எடீ என்கிறேன், வார்த்தையின் கடைசியை உன்னைப்போல இழுக்கிறேன். என் கணவர் ஒருமுறை பக்கத்து அறையிலிருந்து கேட்டுவிட்டு, யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க எழுந்து வந்தார்.