ஆற்றைக் கடக்கும் பெட்டி

ஏப்ரல், செவ்வாய் இரவு.

லா சப்பல் உணவகத்தில் என்னோடு வேலை செய்யும் பர்மாப் பெண் மியா, நிலநடுக்கத்தில் இடிந்த தன் ஊருக்கு இன்று மத்தியானம் பெட்டி கட்டினாள். கரண்ட் இல்லாத ஊர் என்று நான் இருட்டில் அடிக்க நான்கு ரோச் லைற் பற்றரியோடு வாங்கிவந்து அடுக்கிக் கொடுத்தேன். அங்கே இராணுவம் நிவாரணத்தை மறிக்கிறதாம். அதனால் பெட்டி தாய்லாந்துக்குப் போகும். எல்லையோரச் சனங்கள் அதை ஆற்றைக் கடந்து கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

"தாய்லாந்து அரசாங்கம் ஒன்றும் சொல்லாதா?" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

"பார்க்காத மாதிரி இருக்கும். அதுவே பெரிய உதவி" என்றாள்.

பின்னேரமே பெட்டி போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் மனைவி என் ஜாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இதென்ன பொக்கற் நிறையப் பற்றரி?"

எட்டுப் பற்றரி. அடுக்கும்போது ரோச் லைற்றுகளிலிருந்து நானேதான் கழற்றியிருக்கிறேன். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி கொண்டுபோகத் தடை இருந்தபோது, இராணுவச் சோதனையில் பிடிபடாமல் கழற்றிவிடப் பழகிய கை. முப்பது வருடம் பாரிஸில் இருந்தும் அதற்குப் புத்தி வரவில்லை.

"அந்தப் பிள்ளைக்குச் சொல்லீட்டியளோ?"

"இன்னும் இல்லை."

எப்படிச் சொல்வது? அந்த இராணுவம் பெட்டியை இன்னும் கண்ணாலும் காணவில்லை. அதற்குள் நான் மறித்துவிட்டேன்.