கழுவக் கூடாததைக் கழுவினேன், டீச்சர்

என் அன்பு ரோஸ்லின் டீச்சருக்கு,

இன்று இரண்டு காலிலும் செருப்புப் போட்டேன். அதைத்தான் முதலில் உனக்குச் சொல்ல வேண்டும். வாசல் வரை நடந்து போய், திரும்பி வந்து, மறுபடியும் போனேன். ரோட்டில் போனவர்கள் இந்த மனுசனுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

நீ இருந்தவரை என் சர்க்கரை உனக்குப் பயந்து அடங்கிக் கிடந்தது. நீ போனதும் அதைக் கேட்க ஆளில்லை. என்னையும்தான். போன மழைக்காலத்தில் ரப்பர் பூட்ஸ் கடித்து வலது உள்ளங்காலில் ஒரு கொப்புளம் வந்தது. பாதம் மரத்துப்போயிருந்ததால் அது வந்ததும் தெரியவில்லை, உடைந்ததும் தெரியவில்லை. சாக்ஸ் ஈரமாக இருக்கிறதே என்று பார்த்தபோது பாதி உள்ளங்கை அளவுக்குப் புண்.

சேலத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் நல்லவர், சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டு மாசம் பார்ப்போம். ஆறலைன்னா பாதத்தை எடுக்கறதுதான் வழி" என்றார். அடிவாரம் தாண்டி பஸ் மலை ஏறும்போது நான் காப்பி எஸ்டேட்டையும் நினைக்கவில்லை, ஊரையும் நினைக்கவில்லை. உன் கல்லறைக்கு ஏறும் அந்தச் சரிவைத்தான் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல் ஏறிய சரிவு அது. ஒற்றைக்காலோடு அதில் எப்படி ஏறுவேன்? யாரைத் தூக்கி வரச் சொல்வேன்?

இங்கே ஹெல்த் சென்டரில் செல்வி என்று ஒரு நர்ஸ் இருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் அவர்தான் கட்டுப் போட்டார். காலை ஊன்றக் கூடாது, நடுவில் கட்டைப் பிரிக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மறுநாள் காலையில் பிரித்தேன்.

பிரிக்காமல் என்ன செய்வேன் டீச்சர்? முப்பத்துநாலு வருசம் காப்பிப் பழம் தோலுரித்துக் கழுவிய கை இது. தோல் போனதும் கொட்டையின் மேல் ஒரு கொழகொழப்பு நிற்கும், ஞாபகம் இருக்கிறதா? தொட்டியில் ஊறப்போட்டு, தேய்த்துத் தேய்த்துக் கழுவி, கையில் அள்ளிப் பிசைந்தால் கரகர என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் இன்னொரு தண்ணீர். கொஞ்சம் கொழகொழப்பு மிச்சம் இருந்தாலும் மொத்தக் காப்பியும் நாறிப்போகும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

புண்ணைப் பிரித்தால் அடியில் ஈரமாக, பளபளவென்று, சிவப்பாக ஏதோ படிந்திருந்தது. அழுக்கு என்று முடிவு கட்டினேன். துணி சோப்பைப் போட்டு, பழைய வேட்டித் துண்டால், கரகரப்பு வரும்வரை தேய்த்தேன். வலித்திருந்தால் நிறுத்தியிருப்பேன். வலிதான் இல்லையே. ரத்தம் கசிந்தபோதுகூட சுத்தமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்புறம் செல்வி கட்டியது மாதிரியே அழகாகக் கட்டி வைத்துவிடுவேன். ஒன்றரை மாதம், தினமும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்குச் சந்தேகம் வந்தது. "ஏனுங்கய்யா, வெள்ளிக்கிழமை செவசெவன்னு பொடிப்பொடியா கொஞ்சம் தலைகாட்டுச்சுங்க. அதுதான் நல்ல சதை. இப்ப ஒண்ணையும் காணோம். ஊட்ல பிரிச்சீங்களா?"

"இல்லீங்க சிஸ்டர்" என்றேன். மாதா கோவிலில் ஞானஸ்நானம் வாங்கிய வாய்தான்.

மறுநாள் காலையில் வழக்கம்போல துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தேன். சோப்பு கையில் இருக்கிறது. பார்த்தால் அவர் சொன்ன அதே சிவப்பு, பொடிப்பொடியாக. அப்போதுதான் உன் குரல் கேட்டது. ஆவி, பேய் என்று பயந்துவிடாதே, ஞாபகத்தில்தான்.

நாளை பிளஸ் ஒன் வகுப்பில் சொல்ல வேண்டியதை இன்று சாயந்திரமே அடுப்படியில் என்னிடம் சொல்லிப் பார்ப்பது உன் வழக்கம். நான் தூங்காமல் கேட்டால் பிள்ளைகளும் தூங்க மாட்டார்கள் என்பது உன் நம்பிக்கை. அப்படி ஒரு நாள் நீ அவரைக்காய் உரித்துக்கொண்டே சொன்னாய்.

"ஏனுங்க, செல்லுங்கறது அந்தரத்துல நிக்கற சரக்கு இல்லீங்க. அதுக்கு வெளியில ஒரு தளம் இருக்குது. செல்லே அதை நெய்து போட்டுட்டு, அதையே புடிச்சுக்கிட்டு நகருது. சில்வர் ஓக் மரத்துல மொளகுக்கொடி ஏறலீங்களா, அப்படி. மரத்தை வெட்டிப்போட்டுட்டுக் கொடி ஏறலைன்னா எப்படிங்க?"

"உன் கொடி தானே மரத்தைச் செஞ்சு, தானே ஏறிக்குமாக்கும்?" என்று நான் சிரித்தேன்.

"அதுதாங்க அதிசயமே. என்ன புரிஞ்சுச்சு, சொல்லுங்க பாக்கலாம்."

"எல்லாம் புரிஞ்சுதுங்க டீச்சர்" என்றேன். ஒன்றும் புரியவில்லை.

சோப்பைக் கீழே வைத்தேன். கட்டை அப்படியே மூடிக்கொண்டு, குதிகாலை மட்டும் ஊன்றிப் போய், உன் பாடக் குறிப்பு நோட்டைத் தேடி எடுத்தேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் எதையும் படிக்க முடியவில்லை. அழுதுவிட்டுத்தான் படித்தேன்.

செல் சவ்வு வெறும் இரண்டு வரிசைக் கொழுப்பு என்று எழுதியிருந்தாய். தண்ணீரை விரும்பும் தலைகள் இரு பக்கமும் வெளியே, தண்ணீருக்குப் பயந்த வால்கள் உள்ளே. ஒட்டும் இல்லை, தையலும் இல்லை, ஆனாலும் எதை உள்ளே விடுவது, எதை நிறுத்துவது என்று அதற்குத் தெரியும். சோப்பு பட்டால் கரைந்துவிடும் என்று அடிக்கோடு போட்டிருந்தாய். சவ்வைத் துளைத்து நிற்கும் சில புரதங்கள் வெளியே தளமாக இருக்கும் கொலாஜன் நாரைப் பிடித்துக்கொண்டு, பிடிமானம் இருக்கிறது என்று உள்ளே தகவல் சொல்லுமாம். பிடிமானம் போய்விட்டால் பல செல்கள் தாமாகவே செத்துப்போகுமாம்.

அந்த வரியில் வெகு நேரம் நின்றேன். நீ என்னை விட்டுப் போன வருசம் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. சொல்லவும் போவதில்லை.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். சர்க்கரையோடு மல்லுக்கட்டி, ராத்திரியெல்லாம் என் கால் ஒரு தளம் போடுகிறது. காலையில் நான் எழுந்து சோப்பால் செல்லைக் கரைத்து, துணியால் தளத்தை வழித்து எடுத்துவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை செல்வியிடம் உண்மையைச் சொன்னேன், காப்பித் தொட்டி உட்பட. அவர் இடுக்கியைத் தட்டில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "இத்தனை நாளா நான் மருந்தைக் குத்தம் சொல்லிக்கிட்டிருந்தேனுங்க. காலைப் பாத்துக்கச் சொன்னா காப்பியைக் கழுவியிருக்கீங்க. இனிமே பிரிச்சீங்கன்னா நான் கட்ட மாட்டேனுங்க." திட்டும்போதுகூட கை மட்டும் பதமாகவே கட்டியது. அவருக்கும் நான் கடன்பட்டவன்தான், மறக்க மாட்டேன்.

அதற்கப்புறம் தினமும் காலையில் அந்த நேரம் வந்தால் கை பரபரக்கும். உன் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். இரண்டு மாதக் கெடு முடிந்து சேலத்துக்குப் போனபோது டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்டார். "ஒண்ணும் பண்ணாம இருக்கறேனுங்க" என்றேன். அப்படியே இருங்கள், கத்தி வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். ஓரத்திலிருந்து மெல்லிய தோல் ஊர்ந்து வந்து, மூன்று மாதம் கழித்து நேற்று மூடிவிட்டது.

நீ அத்தனை சாயந்திரம் எனக்குப் பாடம் சொன்னாயே, என்றைக்காவது எனக்கு உதவும் என்று நினைத்தாயா? நான் கேட்கவில்லை என்று தெரிந்தும் ஏன் நிறுத்தாமல் சொன்னாய்? நிறுத்தியிருந்தால் இந்தக் கால் எனக்கு இல்லை. நொம்ப நன்றி அம்மிணி. நீ இருந்தபோது இந்த வார்த்தையை ஒரு தடவைகூட உன்னிடம் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், இரண்டு காலோடும் அந்தச் சரிவில் ஏறி வருவேன். செல்வி சொன்னபடி மெதுவாகத்தான், பஞ்சு வைத்த செருப்போடு. வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன புரிந்தது என்று நீ அன்று கேட்ட கேள்விக்கு முழுசாகப் பதில் சொல்வேன். இந்தத் தடவை புரிந்துவிட்டது.

இப்படிக்கு,
உன் கடைசி பெஞ்சு,
உன் வீட்டுக்காரன் சவரிமுத்து
வாழவந்தி