நூற்றுக்கு நூறு வாங்கிய அமலா

9 ஜூன் 2025
"எல்லாரும் பாஸ் ஆனா அதுல என்ன தப்பு ஆன்ட்டி?" வேலையில் சேர்ந்த புதிதில் ப்ரீத்தி கேட்டது. அன்று சிரித்து மழுப்பிவிட்டேன்.

ரிடையரான கெமிஸ்ட்ரி டீச்சர் எனக்கு, இந்த மராத்தி ஊரின் விமான் நகரில் ஒரு வேலை. கம்ப்யூட்டரிலும் போனிலும் ஓடும் பாடங்கள் தயாரிக்கும் கம்பெனி. பாடத்தில் பிழை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வயதில் என் மாணவி போல இருக்கும் ப்ரீத்திதான் மேலதிகாரி. இப்போது கையில் இருப்பது ஐ.டி. ஆபீஸ்களைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கான பாடம்; போன வருஷம் ஓடியது, இந்த வருஷத்துக்காக மறுபடி கையெழுத்துக்கு வந்திருக்கிறது. டாய்லெட் ஆசிடையும் ப்ளீச்சையும் சேர்த்தால் விஷவாயு வரும், சேர்க்காதே. அதுதான் சாரம். பாடத்தில் ஒரு வரி தப்பில்லை. ஆனால் பாடத்தின் கடைசியில் வரும் பரீட்சை?

10 ஜூன்
இவரிடம் பாடத்தைக் காட்டாமல் பரீட்சையை மட்டும் கொடுத்தேன். முழு மார்க்!

"டிப்போல ஃபைல் தள்ளிண்டிருந்தவன் நான். ஆசிடைப் பத்தி எனக்கென்னடி தெரியும்? நாலுல எது நீளமான பதிலோ அதைத் தொட்டேன்."

11 ஜூன்
ப்ரீத்தியிடம் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

"க்ளையண்ட் அப்படித்தான் கேட்டார் ஆன்ட்டி. யாருமே ஃபெயில் ஆகக் கூடாதாம். நீங்க சைன் பண்ணலைன்னா ப்ராஜெக்ட் போயிடும். என் டீமும்தான்."

கண் டாக்டர் பலகையில் உள்ள எழுத்துகளை முதலிலேயே காதில் சொல்லிவிட்டால், யாருக்குக் கண்ணாடி வேண்டும் என்று எப்படித் தெரியும்? கேட்டேன். நான் கையெழுத்துப் போடவில்லை.

13 ஜூன்
இது பிடிவாதமா? அந்த டீம்ல யாருக்காவது வேலை போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? — ஆனா யாராவது மயங்கி விழுந்தா?

17 ஜூன்
க்ளையண்ட் வெங்கடேஸ்வரன் வந்தார். துப்புரவு கான்ட்ராக்ட் கம்பெனியின் மேனேஜர். கோயம்புத்தூர்க்காரர்.

"டீச்சரம்மா, இது போர்டு எக்ஸாம் இல்லீங்க. ஒரு ஃபார்மாலிட்டி."

"உங்க பொண்களோட எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்கோ. அப்புறம் பேசலாம்."

"தாராளமா. போன வருஷமே இதே பரீட்சைல எல்லாரும் பாஸுங்க!"

20 ஜூன், ஹிஞ்சேவாடி ஐ.டி. ஆபீஸ்
துப்புரவுப் பெண்கள் தினமும் புழங்கும் ஆசிட், ப்ளீச் பாட்டில்களைக் காலியாக வாங்கிக் கழுவி, சாயத் தண்ணீர் நிரப்பி எடுத்துப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு மக். வெங்கடேஸ்வரன் கைகட்டி நின்றார். அமலா முன்னால் வந்தாள். இந்த ஊரிலேயே, பிம்ப்ரி பக்கம் வளர்ந்த தமிழ்ப் பெண்; பேச்சில் இந்தி கலக்கும்.

"கறை போகவே மாட்டேங்கறது, அமலா. என்ன பண்ணுவே? பண்ணிக் காட்டு."

யோசிக்கவே இல்லை. மக்கில் அதைக் கொஞ்சம், இதைக் கொஞ்சம் ஊற்றினாள்.

"ரெண்டும் சேத்தா கறை ஜல்தியா, சட்டுனு போயிடும் டீச்சர். கண்ணு எரியும், இருமல் வரும். அவ்ளோதான்."

வெங்கடேஸ்வரன் கட்டியிருந்த கையை இறக்கினார்.

"ஏம்மா, நீ நூத்துக்கு நூறு வாங்குனவ தானே?" — மக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஆமா சார்! சர்டிஃபிகேட் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கேன். போன்ல பாடம் அது பாட்டுக்குப் பேசிட்டு இருக்கும், நான் சாய் குடிச்சிட்டு வந்து கடைசில நீளமான பதிலத் தொடுவேன்."

மற்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். நானும்தான். தப்பு அவளுடையது இல்லை, பரீட்சையினுடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பிறகு, கண் ஏன் எரிகிறது என்று சொன்னேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

24 ஜூன்
வெங்கடேஸ்வரன் இறங்கி வந்துவிட்டார். பாடத்தை மாற்றலாம், செய்துகாட்டும் பரீட்சையே வைக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: "தப்பா செய்யறவங்க பேரு எனக்கு வந்துடணுமுங்க."

அவரிடம் பேர் போனால் அந்தப் பெண்ணுக்கு வேலை போகும். வேலைக்குப் பயந்தால் யார் உண்மையாகச் செய்துகாட்டுவார்கள்? நான் வாயைத் திறப்பதற்குள் ப்ரீத்தி சொன்னாள்:

"தர மாட்டோம் சார். தப்பு பண்ணினா திரும்ப கத்துக்கட்டும். பேர் வேணும்னா நீங்க வேற கம்பெனி பார்க்கணும்."

டீமே போய்விடும் என்று பயந்தவள்! வெங்கடேஸ்வரன் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "சரிங்க, வேண்டாம்" என்றார். எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது.

8 ஜூலை
பழைய பரீட்சையைத் தூக்கிப் போட்டாயிற்று.

19 ஆகஸ்ட்
புதிய பாடம் ஓடுகிறது. போன் ஒரு நிலைமையைச் சொல்லும், அவர்கள் சாயத் தண்ணீரில் செய்துகாட்ட வேண்டும். முதல் தடவை பாதிப் பேருக்கு மேல் தப்பு. மறுபடி, மறுபடி. கடைசியாகத் தேறிய பெண்ணை மற்றவர்கள் தூக்கிச் சுற்றினார்கள். கையெழுத்துப் போட்டேன், முழுப் பெயரும் எழுதி: பாலாம்பாள் லக்ஷ்மிநாராயணன்.

12 செப்டம்பர்
அமலா போன் செய்தாள். புது சூப்பர்வைசர் ரெண்டையும் கலந்து ஊற்றச் சொன்னாராம்.

"முடியாதுன்னுட்டேன் டீச்சர். சூப்பர்வைசர் சாப் முறைச்சாரு. பாட்டில அவரு கையிலயே குடுத்து, இது ஏன் கூடாதுன்னு நான் சொல்லிக் குடுத்தேன். இப்ப அவரே மத்தவங்களுக்குச் சொல்றாரு!"

வெங்கடேஸ்வரன் மற்ற எல்லாப் பாடங்களையும் ப்ரீத்தியின் டீமுக்கே கொடுத்துவிட்டார். ஆபீஸ் சுவரில் ஒட்ட ப்ரீத்தி என்னிடம் ஒரு வரி கேட்டாள். எழுதிக் கொடுத்தேன்:

பாடம் முடிந்ததும் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், "செய்து காட்டு" என்று சொல்லிவிட்டு, பேசாமல் பாருங்கள்.