டாக்டர் சீட்டு இல்லாமல்

கோவை, 16.6.2005

அன்புள்ள அம்மாவுக்கு அம்சவள்ளி எழுதுவது. நான் நலம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? நான் காட்டிய பயிற்சியை விடாதே.

போன வாரம் பிசியோதெரபிஸ்ட் சங்கக் கூட்டத்தில் பேசினேன். நம் ஊர் உப்பளத்தில் உப்பு வாரி முதுகு பிடித்துக்கொண்டவர்களைப் போன்றவர்கள் டாக்டர் சீட்டு இல்லாமலே எங்களிடம் நேராக வரட்டும் என்றேன். கைதட்டினார்கள். மறுநாள் எங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர், "லீடர் ஆயிட்டீங்க போல" என்று சிரித்தார். அவ்வளவுதான். "வாய வெச்சிக்கினு சும்மா இருடி" என்று நீ சொல்வது கேட்கிறது.

என்னோடு சாப்பிடுகிறவர்களுக்கெல்லாம் இப்போது திடீரென்று வேலை அதிகம். தனியாகத்தான் சாப்பிடுகிறேன். கொஞ்சம் கருவாடு அனுப்பு.

ஆரோவில் பக்கம் பிசியோ வேலை இருக்கிறதா என்று தம்பி பிரபுவை விசாரிக்கச் சொல். இங்கே ஒரு தோழிக்காகத்தான். அவளுக்குச் சீக்கிரம் வேண்டுமாம்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உன் மகள்,
அம்சா