துவக்கில் ஒட்டாத பச்சை

அன்பு மறவாத என் நானாவுக்கு,

நீங்கள் உறங்கும் கபுறு வெளிச்சமாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். ஆனாலும் இதை உங்களிடம் மறைக்க முடியவில்லை: பன்றி சுடும் உங்கள் துவக்கு இப்போது பொலிஸில் இருக்கிறது.

வண்ணாத்திவில்லுக் கஜுத் தோட்டத்துக்குப் பன்றி வருவது நிற்கவில்லை. துவக்கு லைசன்ஸ் தன் பெயருக்கு மாறியதும் உங்கள் மகன் ரியாஸ் போனில் எதையோ பார்த்திருக்கிறான். என் பெயின்ட் கடையிலிருந்தே ஸ்பிரே டின்களை எடுத்துப்போய், கஜு இலைகளை அச்சாக வைத்து வைத்து, துவக்கு முழுவதும் பச்சையும் மண்ணிறமுமாக அடித்துவிட்டான். பன்றிக்குத் தெரியக்கூடாதாம். பன்றி கண்ணை நம்பியா வருகிறது, நானா? பெயின்ட் மணத்துக்கே அது அடுத்த ஊருக்கு ஓடிவிடும்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் மறுநாள் காலை நம் தெருவில் வீடு வீடாகச் சோதனை. யுத்தம் முடிந்து இத்தனை வருடம் கழித்து, சேர்ச்சுகளில் குண்டு வெடித்ததால் இப்போது நம் முஸ்லிம் வீடுகளை. மதினி எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, ஓடி வாங்க. துவக்கு ஆமிக்காரன்ட உடுப்பு மாதிரிக் கிடக்கு."

போய்ப் பார்த்தால் துவக்கில் பதித்த நம்பரும் பெயின்டுக்குள். ரியாஸ் தின்னர் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றான்.

"முழுக்கக் கழுவிருவோம், சாச்சா."

"பைத்தியமாடா ஒனக்கு? ஈரத் துவக்கக் கண்டா என்ன நெனைப்பாங்க? நம்பர மட்டும் தொடச்சிட்டு மேசையில வை. லைசன்ஸும் பக்கத்துல இருக்கட்டும். ஒளிச்சாத்தான்டா களவு."

வந்த அதிகாரி துவக்கைப் பார்த்தார், பிறகு ரியாஸின் தாடியைப் பார்த்தார். "இந்த நிறம் யாருக்கு ஒளிக்க?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"பன்றிக்கு, சேர்," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

துவக்கைத் தூக்கினார். பிடித்த இடத்துப் பச்சை, தோல் போல உரிந்து அவர் உள்ளங்கையோடு வந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. வருடக்கணக்காக நீங்கள் தேங்காய் எண்ணெய் பூசிய மரம் அது. தேய்க்காமல் அடித்திருக்கிறான், எண்ணெயில் எந்தப் பெயின்ட் நிற்கும்?

அவர் பெருவிரலால் இன்னும் கொஞ்சம் உரித்தார். உள்ளே கறுத்து, வழுவழுத்து, ஒரு கை பிடித்த அளவுக்குத் தேய்ந்த மரம்.

"யார் பிடித்தது?"

"என் நானா, சேர். மௌத்தாகிவிட்டார்."

நம்பரை லைசன்ஸோடு ஒப்பிட்டார். திரும்பவும் ஒப்பிட்டார். "பழைய தோட்டத் துவக்குதான்," என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். பிறகு என்னிடம், "துவக்கு எங்களோடு வரட்டும். பிள்ளை வீட்டில் நிற்கட்டும்."

அந்தத் தேய்ந்த மரம் தெரியாமல் போயிருந்தால் ரியாஸையும் ஜீப்பில் ஏற்றியிருப்பார்களா, நானா?

இப்போது அவன் தோட்டத்தில் தகரம் தட்டிப் பன்றி விரட்டுகிறான். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. வாய் மட்டும் குறையவில்லை.

துவக்கை மீட்டுக்கொண்டு வருவேன். பெயின்டை நானே உரித்தெடுப்பேன். ஆனால் உங்கள் கை தேய்த்த இடத்தில் சாண்ட் பேப்பர் படாது. அங்கே தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதை ரியாஸ் பூசுவான்.

ஒரே வயிற்றில் உங்களுக்குப் பின்னால் வந்த,
உங்கள் தம்பி