கேள்வி கேட்காத ஆணி

சார்,

புதுப் பெயிண்ட் வாடை இன்னும் இந்த அறையை விட்டுப் போகவில்லை. ஜன்னலைத் திறந்தால் டீசல் புகையும் அதோடு சேர்ந்துகொண்டு தலையை வலிக்கிறது. நீங்கள் இருந்தவரை அரியலூர் பஸ் ஷெட் ஆபீஸுக்குப் பெயிண்ட் அடிக்க விட்டதே இல்லை. "வண்டிக்கு அடிங்க மேடம், சுவத்துக்கு எதுக்கு" என்பீர்கள். உங்கள் நாற்காலிக்கு வந்து சில மாதம் ஆன பிறகு, உருப்படியாக ஒன்று செய்யலாம் என்று பெயிண்டரை வரச் சொன்னேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அங்கேதான் ஆரம்பித்தது.

சுவரைச் சுரண்டிக்கொண்டே வந்த பெயிண்டர் சாவிப் பலகைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். எல்லா பஸ்களின் சாவிகளும் பலகையில் வரிசையாகத் தொங்க, அதற்கு வெளியே சுவரில் தனியாக ஒரு பெரிய ஆணி. "மேடம், இதுல ஒண்ணும் மாட்டறதில்ல போலருக்கே. துரு ஏறிக் கெடக்கு. புடுங்கிட்டுப் பட்டி வச்சுடவா?" என்று கேட்டார். கையெழுத்துப் போட வந்திருந்த டிரைவர்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வேணாம், சுத்தி அடிச்சுடுங்க" என்றேன். அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் சரியாகத் திரும்பவில்லை.

அந்த ஆணியை நீங்கள்தான் அடித்தீர்கள். காலையில் வண்டி எடுக்க வரும் டிரைவருக்கு இன்றைக்கு இது ரோட்டில் போகக் கூடாது என்று பட்டால், சாவியைப் பலகையிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். மெக்கானிக் பாய் வண்டியை முழுதாகப் பார்த்து, தன் கையால் சாவியைத் திரும்பப் பலகையில் மாட்டும்வரை அது நகராது. ஏன் மாட்டினாய் என்று டிரைவரை யாரும் கேட்கக் கூடாது. அவராகப் பாயிடம் சொன்னால் சொல்லலாம். சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. மறுநாள் குத்திக்காட்டக் கூடாது. எங்கேயும் எழுதி ஒட்டாத சட்டம் அது, ஆனால் ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இதைச் சொன்னதால் உங்களைப் பெரிய உத்தமராக எழுதப் போகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் வாய் ஊரறிந்த வாய். ஜெயங்கொண்டம் வண்டி கொஞ்சம் தாமதமாக வந்தால் போதும், நீங்கள் போடுகிற சத்தம் போன் வழியாகப் பெரம்பலூர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கேட்கும். சட்டையில் பட்டன் இல்லை என்று ஒருவரை வண்டியிலிருந்தே இறக்கிவிட்டீர்கள். டீ கிளாஸ் பறந்ததை நானே பார்த்திருக்கிறேன். நீங்கள் ஷெட்டையும் நான் கணக்கையும் பார்த்த அத்தனை வருடங்களும் நாம் எலியும் பூனையுமாகத்தான் இருந்தோம். உங்களைவிட நன்றாக இந்த ஆட்களை நடத்த எனக்குத் தெரியும் என்று நான் உறுதியாக நம்பினேன்.

நெஞ்சுவலி என்று உங்களைத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், நீங்கள் உயிரோடு திரும்பி வரவில்லை. முதலாளி இரண்டு இடத்தையும் என்னையே பார்க்கச் சொன்னார். நான் மேசையை ஷெட்டுக்கு மாற்றிக்கொண்டேன். ஒருவரையும் ஒருமையில் கூப்பிடவில்லை. குரலை உயர்த்தவில்லை. பிறந்தநாள் என்றால் கேக், யார் வீட்டில் விசேஷம் என்றாலும் வாட்ஸப் குரூப்பில் வாழ்த்து. முதலாளி என்னைத் திருச்சியில் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்த தலைமைப் பண்புப் பயிற்சிக்கும் அனுப்பினார். கோட் போட்ட ஒருவர் திரையில் கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டினார். அதிகாரம் செய்கிறவர், கலந்து பேசுகிறவர், தானாக நடக்கட்டும் என்று விட்டுவிடுகிறவர் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர். அங்கே உட்கார்ந்து உங்களை ஒரு கட்டத்தில் அடைக்கப் பார்த்தேன். டீ கிளாஸை எறிகிறவர் ஒரு கட்டம், ஆணி அடித்தவர் இன்னொரு கட்டம். விட்டுவிட்டேன். என்னை எந்தக் கட்டத்தில் போடுவது என்று மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நான் கலந்து பேசுகிறவள்.

கலந்துதான் பேசினேன். கேட்கக் கூடாது என்ற சட்டம் அதட்டிக் கேட்கிறவர்களுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆணியில் சாவி தொங்கினால் அந்த டிரைவரைக் கூப்பிட்டு, உட்கார வைத்து, டீ வரவழைத்து, "என்னங்க பிரச்சினை, எப்பலேர்ந்து, சொன்னீங்கன்னா அதுக்கேத்தமாரி பிளான் பண்ணிக்கலாம்" என்று பொறுமையாகக் கேட்டேன். தப்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாவி தொங்குவது குறைந்தது. பிறகு நின்றே போனது. "இப்பல்லாம் ஒரு வண்டி நிக்கறதில்ல மேடம். அவரு காலத்துல வாரத்துக்கு ஒண்ணாச்சும் படுத்துடும்" என்றார் முதலாளி. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதையும் குரூப்பில் போட்டேன். எல்லோரும் கைகூப்புகிற பொம்மை அனுப்பினார்கள்.

பெயிண்டர் கேட்ட பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. வண்டிகள் எல்லாம் அதே பழைய வண்டிகள். ரோடும் அதே ரோடு, சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடி மேடும் பள்ளமுமான ரோடு. அப்படியிருக்க ஆணி மட்டும் எப்படிக் காலியானது? காலையில் வந்ததும் அதைப் பார்ப்பேன். ஏதோ வேலை இருப்பதுபோல் ஷெட்டுக்குள் நடப்பேன், திரும்பி வருவேன், மறுபடி பார்ப்பேன். பாயிடம் கேட்டேன். "எல்லாம் அல்லா கிருபைல நல்லாத்தான் ஓடுது மேடம்" என்றவர் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்பேனரைத் துடைத்தார்.

ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. உடையார்பாளையம் தாண்டி ஒரு வளைவில், முன்னால் போன லாரி நின்றபோது நம் வண்டி நிற்கவில்லை. டிரைவர் செல்வராஜ் கியரைக் குறைத்து, வண்டியை ஒடித்து, ரோட்டோரக் கருவேல மண்மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டார். ஒரு அம்மாவுக்கு முன்சீட்டுக் கம்பி இடித்து உதடு கிழிந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை. வேறு என்னவெல்லாம் ஆகியிருக்கும் என்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை சார்.

சாயங்காலம் செல்வராஜ் என் முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"காலையிலயே தெரியுமாங்க?"

"தெரியும் மேடம். முந்தாநாள்லேர்ந்தே பிரேக் பெடல் உள்ள போயிட்டிருந்துச்சு."

"அப்புறம் ஏன் சாவிய மாட்டல?"

"மாட்டுனா கூப்புடுவீங்க."

"கூப்பிட்டு என்ன பண்ணிடப் போறேன்? என்னிக்காவது உங்கள திட்டியிருக்கேனா?"

"திட்டுனா பரவால்லைங்க மேடம். அவரு திட்டுவாரு, திட்டிட்டு வுட்டுடுவாரு. அதுவும் இதுக்குத் திட்ட மாட்டாரு. நீங்க ஒக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்து கேக்குறீங்க. எங்களுக்குக் கால்ல தெரியுது, வாயில சொல்ல வரல. முழிச்சா, வேலைக்குச் சோம்பிக்கிட்டு மாட்டிட்டான்னு நெனச்சுக்குவீங்களோன்னு இருக்கு. அதுக்கு ஓட்டிட்டே போயிடலாம்னு ஆயிடுது."

அவர் போன பிறகு எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், ஆத்திரம்தான். ஒரு கம்பெனி என்றால் ஆள் போனாலும் நடக்க வேண்டாமா? நீங்கள் பாட்டுக்கு ஒரு ஆணியை அடித்தீர்கள், எல்லோரையும் நம்ப வைத்தீர்கள், அந்த நம்பிக்கையையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். எனக்கு விட்டுப்போனது துரு ஏறிய இரும்பு. இதெல்லாம் எப்படி ஓடுகிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

சொல்லித்தான் இருக்கிறீர்கள் என்பது பிறகு நினைவுக்கு வந்தது. அப்போதெல்லாம் ஒரு டிரிப் அடிபட்டால் முதலாளி என்னைக் கூப்பிடுவார், நான் உங்களைக் கூப்பிடுவேன். "ஏன் சார் வண்டி போகல?" என்பேன். "தெரியாது மேடம்" என்பீர்கள். "மேனேஜருக்கே தெரியாம எப்படி சார் வண்டி நிக்கும்?" "நிக்குது மேடம். வேணும்னா வந்து பாருங்க." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த மனிதருக்குத் தன் ஷெட்டில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை என்று முதலாளியிடமே சொல்லியிருக்கிறேன். அவர் உங்களைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். நீங்கள் அதையும் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். பொங்கல் போனஸ் கொடுத்த ஒரு நாளில் நான் விடாமல் கேட்டபோது மட்டும், "நான் கேக்க ஆரம்பிச்சா, நாளைக்கு எனக்குப் புடிச்ச பதிலா பாத்துக் கொண்டாருவானுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டீர்கள். திமிர் என்று நினைத்தேன். முதலாளியிடமிருந்து கிளம்பி என் வழியாக வந்த கேள்வியை உங்கள் நெஞ்சிலேயே நிறுத்திக்கொண்டிருக்கிறீர்கள், கீழே டிரைவர்கள் வரை இறங்க விடாமல். அது எனக்குத் தெரிய நீங்கள் சாக வேண்டியிருந்தது.

மறுநாள் எல்லா டிரைவர்களையும் கூட்டி, இனிமேல் ஆணியைப் பற்றி யாரையும் ஒன்றும் கேட்கமாட்டேன் என்று சொன்னேன். "சரிங்க மேடம்" என்றார்கள். யூனிஃபார்மைத் துவைத்துப் போடுங்கள் என்றால் சொல்கிற அதே சரிங்க. பாயிடம் எல்லா வண்டிக்கும் பிரேக் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். ஆணி காலியாகவே இருந்தது. கண் முன்னால் காலியான ஆணி, காதில் வண்டிகள் புறப்படுகிற சத்தம்.

தை மாதம், பெரிய முகூர்த்த நாள். ஜெயங்கொண்டம், வரதராஜன்பேட்டைப் பக்கமெல்லாம் கல்யாணம், நிற்க இடமில்லாமல் கூட்டம் ஏறும். அன்றைக்குக் காலையில் நான் ஷெட்டுக்கு வந்தால் ஆணியில் சாவி தொங்குகிறது. செல்வராஜின் வண்டி. அவர் வெளியே பழைய டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மற்ற டிரைவர்கள் வண்டியை எடுக்காமல், கண்ணாடியைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளியின் போன் வந்தது. கூட்ட நாளில் வண்டி நிற்கிற செய்தி எப்படியோ போய்விட்டது.

"ஏன் மேடம் எடுக்கல?"

"தெரியாதுங்க."

"என்ன தெரியாதுங்கறீங்க? அந்த டிரைவர கூப்புட்டுக் கேளுங்க."

"கேக்க முடியாதுங்க. பாய் பாத்துட்டிருக்காரு."

"அவரு மாதிரியே ஆயிட்டீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அது பாராட்டு இல்லை என்று எனக்குத் தெரியும்.

பாய் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வர நேரமாயிற்று. "ஒண்ணுமே இல்ல மேடம். வண்டி ஜம்முனு இருக்கு" என்று என் காதருகில் சொன்னார். பிறகு போய்ச் சாவியை எடுத்துப் பலகையில் மாட்டினார். அதற்குள் முகூர்த்த நேரம் முடிந்து கல்யாண வீடுகளில் பந்தியே நடந்துகொண்டிருந்திருக்கும். செல்வராஜ் உள்ளே வந்து சாவியை எடுத்தார். என்னை நேராகப் பார்த்தார். என்னைச் சோதித்தாரா, இல்லை வீட்டில் ஏதோ நடந்து அன்றைக்கு அவரால் வண்டி ஓட்ட முடியாமல் இருந்ததா? கேள்வி என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. "சாப்ட்டீங்களா?" என்று கேட்டேன். "ஆச்சுங்க மேடம். போயிட்டு வரேன்" என்றார். இன்றுவரை எனக்குக் காரணம் தெரியாது. அரிக்கிறது சார். உங்களுக்கும் இப்படித்தான் அரித்ததா என்று கேட்க ஆள் இல்லை.

அதற்கடுத்த நாள் காலையில் இன்னொரு சாவி தொங்கியது. பெரம்பலூர் வண்டி. பாய் அடியில் படுத்த வேகத்தில் வெளியே வந்தார். "யா அல்லாஹ்" என்றார். பிரேக் குழாய் வெடித்து ஒழுகிக்கொண்டிருந்தது. டிரைவர் தள்ளி நின்று தலை சீவிக்கொண்டிருந்தார். நான் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

ஆபீஸ் வேலையாக எனக்கு அன்றைக்குப் பெரம்பலூர் போக வேண்டியிருந்தது. அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், நம் வண்டியில் போக வேண்டிய கூட்டம் அப்படியே நிற்கிறது. ரயிலில் போகலாம் என்றால் பெரம்பலூருக்கு ஏது ரயில்? நான் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. நானும் போய்க் கூட்டத்தில் நின்றுகொண்டேன். "இவனுங்க வண்டிய நம்புனா டூட்டிக்குப் போன மாதிரிதான்" என்றாள் நர்ஸ் உடையில் இருந்த ஒரு பெண். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி, ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிற நேரம் போயிடும் என்று புலம்பினாள். கூடையோடு நின்ற ஒருவர், "இந்தக் கம்பெனி இன்னிக்கு நேத்தா இப்புடி? முன்னாடி ஒருத்தரு மேனேஜரா இருந்தாரே, அந்தாளு காலத்துலேர்ந்தே இப்புடித்தான். சொல்லாம கொள்ளாம நிறுத்திப்புடுவானுங்க" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நர்ஸும், குழந்தைக்காரியும், கூடைக்காரரும், காலேஜ் பிள்ளைகளும் கை கால் முழுசாக அங்கே நின்று உங்களையும் என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த பஸ் வரும்வரை நின்று கேட்டேன் சார்.