ஒப்புக்கொடுத்த பல்லுக்கொதி

தாழ்வுபாடு,
மன்னார்.
10.03.2018

அன்பு மகள் அன்ரோனெற்றுக்கு,

மடுமாதாவின் தயவால் நான் இங்கே எழும்பி நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறேன், நீயும் மருமகனும் சின்னவளும் அந்தக் குளிருக்குள் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் மன்றாடுகிறேன். மருமகனின் சிநேகிதன் லீவில் வந்தபோது கொண்டுவந்து தந்த உன் கடிதமும் சின்னவளின் படங்களும் செவ்வாய்க்கிழமை கிடைத்தன. நாள் தவறாமல் போனில் கதைக்கிற பிள்ளை இதை மட்டும் ஏன் எழுத்தில் அனுப்பினாள் என்று முதலில் யோசித்தேன், வாசித்த பிறகு விளங்கியது, போனில் சொன்னால் நான் கத்துவேன் என்று பயந்திருக்கிறாய். நானும் பயத்தில்தான் எழுதுகிறேன். போனில் உன் முகம் தெரிகிறது, அதைப் பார்த்துக்கொண்டு இதையெல்லாம் சொல்ல என்னால் முடியாது. எழுதி முடித்ததும் உன் சிநேகிதி பெற்றிசியா பக்கம் பக்கமாகப் படமெடுத்து உனக்கு அனுப்புவாள், தபாலுக்குக் காத்திருக்கிற விசயம் இல்லை இது.

கடல் இப்போது நல்ல அமைதி, சூடை மீன் நிறையப் படுகிறது, விலைதான் இல்லை. போன கிழமை என்னுடைய நண்டு வலை இரண்டை றோலர் படகு இழுத்துக்கொண்டு போய்விட்டது, நீ அதற்காகக் காசு அனுப்ப வேண்டாம், இருக்கிற வலை போதும். குசினிக் கூரையில் ஒழுகின இடத்துக்குத் தகரம் போட்டாயிற்று. சமையல் நானே செய்கிறேன், சோறு ஒவ்வொரு நாளும் குழைகிறது, சொதி பரவாயில்லை. தவக்காலம் என்றபடியால் சாராயத்தை விட்டிருக்கிறேன். அம்மா இருந்த காலத்தில் அதை விட்டதை நாற்பது நாளும் சொல்லிச் சொல்லியே அவளை வதைப்பேன், இந்த முறை சொல்லவும் ஆளில்லை, பேசாமல் விட்டிருக்கிறேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். மருமகனின் வேலையிடத்தில் பல்லுக்கு ஒன்றும் தரமாட்டார்கள், ஏஜென்ற் ஒருவர் வீட்டுக்கு வந்து மாதாமாதம் கட்டினால் பல்லைத் துப்புரவாக்க, ஓட்டை அடைக்க எல்லாவற்றுக்கும் பெரும்பங்கு தருவோம் என்கிறார், ஆனால் வேர்வரை போகிற பெரிய வேலை என்றால் ஆறு மாதம் கட்டிய பிறகுதான் தருவார்கள், அதுவும் வருசத்துக்கு ஒரு எல்லைக்கு மேல் சதமும் இல்லை, இதைக் கட்டலாமா விடலாமா அப்பா என்று எழுதியிருந்தாய். வாயில் ஏழு பல்லோடு இருக்கிற மனிதனிடம் போய்ப் பல்லுக் காப்புறுதிக்கு யோசனை கேட்கிறாயே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் பெரிய மனிதன் மாதிரிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துவீட்டு அருட்பிரகாசத்திடம் போனேன், அவர் கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர், எந்தக் காகிதத்தையும் நம்பமாட்டார். கதிரையை முற்றத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பென்சிலால் பெருக்கிக் கூட்டிப் பார்த்துவிட்டு, இது அவங்களுக்குத்தான் லாபம் சிங்கராசா, சொத்தை இல்லாத பல்லுக்கு வருசம் முழுக்கக் கட்டுறது வீண், அந்தக் காசை ஒரு தகரப் பேணிக்குள்ள போட்டு வைக்கச் சொல்லு, பல்லுக் கொதிச்சால் அதில எடுத்துக் குடுக்கட்டும் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து உனக்கு அப்படியே எழுதலாம் என்று கடிதத்தின் கடைசிப் பக்கத்தை மறுபடியும் வாசித்தேன்.

அங்கேதான் மகள் நீ எழுதியிருக்கிறாய், நத்தார் பெருநாள் முடிந்த நாளிலிருந்து வலப்பக்கக் கீழ்ப் பல்லுக் கொதிக்கிறது, குளிசை போட்டால் அடங்குகிறது, இப்போது டொக்டரிடம் போனால் அம்மாவின் கல்லறை கட்டச் சேர்த்த காசில் கைவைக்க வேண்டும், அதனால் போகவில்லை என்று. அதற்குக் கீழே, பல்லுக்கொதிதானே அப்பா, பொறுக்கலாம், பாஸ்குத் திருநாள் வரும்மட்டும் அதை அம்மாவின்ர ஆத்துமத்துக்கு ஒப்புக்கொடுத்திருக்கிறன் என்று எழுதியிருக்கிறாய். முதல் தரம் வாசித்தபோது இந்த வரிகளை எப்படித் தாண்டிப் போனேனோ தெரியவில்லை. மறுபடியும் வாசித்த பிறகு அன்றைக்கு நான் கடலுக்குப் போகவில்லை. பின்னேரம் பெற்றிசியா வந்து ஏன் அங்கிள் ஒரு மாதிரி இருக்கிறியள் என்று கேட்க, கடிதத்தை அவளுடைய கையில் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு நின்ற இடத்திலேயே அழத் தொடங்கிவிட்டாள். ஏன் அழுதாள் என்பதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அம்மாவுக்கு இருதயம் நின்றுவிட்டது என்று உனக்குச் சொன்னோம். நின்றது உண்மைதான், ஆனால் அம்மாவின் உயிரை எடுத்தது அந்தப் பல்லு. போன வருசம் தை மாதம் அம்மாவின் பல்லுக்கென்று நீ காசு அனுப்பினாய், புடுங்க வேண்டாம், டவுனில் பிறைவேற் டொக்டரிடம் காட்டிப் பல்லைக் காப்பாற்றுங்கோ என்றாய். அவள் ஒரு தரம் போனாள், அவர் மருந்து வைத்துவிட்டு இன்னும் இரண்டு தரம் கட்டாயம் வரவேண்டும், வராவிட்டால் கிருமி உள்ளே இறங்கும் என்று சொல்லித்தான் விட்டார். அந்த நேரம் பார்த்து என் எஞ்சின் உடைந்தது. மிச்சக் காசு மாதா படத்துக்குப் பின்னால் இருந்தது. நான் களவாக எடுக்கவில்லை, கேட்டுத்தான் எடுத்தேன், இரண்டு கிழமையில் திருப்பி வைத்துவிடுவேன் என்று சொன்னேன். ஆனால் நாலு நாளாகக் கரையில் சும்மா இருக்கிற புருசன் வந்து கேட்டால் எந்தப் பெண்சாதி இல்லை என்பாள். செவ்வாய்க்கிழமை எஞ்சின் ஓடியது. மறுநாள் தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன். கோவிலால் வருகிற வழியில், பெரியாஸ்பத்திரியில காசில்லைதானே, போய்ப் புடுங்கிப்போட்டு வா எண்டு அவளுக்குச் சொன்னேன். இராச்சாப்பாட்டுக்கு நாங்கள் வழக்கமாகத் தவக்காலத்துக்கு எதை விடுகிறோம், எதைப் பொறுக்கிறோம் என்று ஆளுக்கொரு ஒறுத்தல் சொல்வோமே, அப்போது, நான் என்ர பல்லுக்கொதியை அன்ரோனெற்ற அகதிக் கேசுக்கு ஒப்புக்கொடுத்திட்டன், பாஸ்கு மட்டும் அதில கைவைக்கமாட்டன் என்றாள்.

எங்கள் ஆட்களின் எண்ணம் உனக்குத் தெரியும், ஒப்புக்கொடுத்த நோவுக்கு மருந்து போட்டால் ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுத்தது மாதிரி. எனக்கு அது பெருமையாக இருந்தது மகள், இதை எழுத வெட்கமாக இருக்கிறது, கரையில் வலை சிக்கெடுக்கிற இடத்தில் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன், என்ர மனுசி பிள்ளையின்ர கேசுக்காகப் பல்லுக்கொதியைப் பொறுக்கிறாள் எண்டு. நீ போனில் கேட்கிறபோதெல்லாம், ஓம் பிள்ளை, காட்டினனான், இப்ப சுகம் என்று அவள் சொல்வாள், நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். குருத்தோலை ஞாயிறு கன்னம் வீங்கியது. பெரிய வியாழன் வாய் திறக்க முடியவில்லை, கழுத்து இறுகிவிட்டது, அப்போதும் இன்னும் மூண்டு நாள்தானே என்று கையால் காட்டினாள். பெரிய வெள்ளி சிலுவைப்பாதைக்கு எழும்ப முடியாமல் விழுந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் அவர்கள் செய்யாதது ஒன்றுமில்லை. பல்லின் நஞ்சு கழுத்துக்கு இறங்கி இரத்தத்தில் கலந்துவிட்டது, ஒரு கிழமைக்கு முந்தி வந்திருந்தால் ஒரு பல்லோடு போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார். உயிர்த்த ஞாயிறு மணி அடித்தபோது அவளுக்கு நினைவில்லை, திங்கட்கிழமை விடிய முடிந்துவிட்டது. பிறகு பங்குச் சுவாமியிடம் இதைச் சொன்னபோது அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, ஆண்டவர் ஆரையும் இப்படிக் கேட்டவரோ சிங்கராசா என்றார்.

உனக்கு மறைத்ததற்கு, அடுத்த கிழமை உன் கேஸ் விசாரணை, பிள்ளை குழம்பிப்போவாள் என்று எல்லாருக்கும் காரணம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் பல்லுப் பிரிவில் வேலை செய்கிறபடியால் பெற்றிசியாவுக்கு எல்லாம் தெரியும், அவளுடைய வாயையும் அடைத்தேன். கேஸ் வென்று பத்து மாதமாகிவிட்டது, பிறகும் சொல்லவில்லையே. பல்லு என்று சொன்னால் நான் அனுப்பிய காசு எங்கே என்று கேட்பாய், அதுதான் உண்மையான காரணம்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்தது. தெரியாத ஒன்றைச் செவ்வாய்க்கிழமைதான் பெற்றிசியா சொன்னாள். போன தவக்காலம் இரண்டாம் கிழமை கோவில் வாசலில் அம்மா கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, அன்ரி நாளைக்கே வாங்கோ, நான் நேரே டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போறன் என்று கூப்பிட்டிருக்கிறாள். அம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, நான் அங்க வந்தால் நீ அன்ரோனெற்றுக்குச் சொல்லுவாய், அவள் காசு என்னண்டு கேப்பாள், தேப்பனைக் குறைவா நினைச்சுப்போடுவாள், நான் பாஸ்கு மட்டும் ஒப்புக்கொடுத்திட்டன் எண்டு சொல்லியாச்சு, அது அப்பிடியே இருக்கட்டும் என்று சொன்னாளாம். சொல்லமாட்டேன் என்று பெற்றிசியா சத்தியம் பண்ணியிருக்கிறாள். நீங்கள் இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள், இரண்டு நாளைக்கு ஒருக்கால் போனில் கதைக்கிறவர்கள், அது அம்மாவுக்குத் தெரிந்துதான் இருந்தது. பெற்றிசியா தன்னால்தான் இப்படி ஆனது என்று ஒரு வருசமாக உள்ளுக்குள் அழுதுகொண்டிருக்கிறாள், அவளை நீ ஒரு சொல்லும் சொல்லாதே.

ஆகையால் மகள், அம்மா உன் கேசுக்காகச் சாகவில்லை. உன் கேஸ் உன்னுடைய வாயால் உண்மை சொல்லி வென்ற கேஸ், அதற்கும் அம்மாவின் பல்லுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்த ஒறுத்தல் எனக்காகச் சொன்னது, என் மரியாதையை உன் முன்னால் காப்பாற்றச் சொன்னது. முப்பத்திநாலு வருசம் என்னோடு இருந்தவள் என்னிடம்கூட அதைச் சொல்லாமல் போய்விட்டாள். இந்தப் பாரத்தில் ஒரு துண்டும் உன்னுடையதில்லை, நீ தூக்காதே, நான் தூக்குவேன்.

இப்போது காப்புறுதிக்கு என் பதிலைக் கேள். அருட்பிரகாசத்தின் கணக்கில் பிழையில்லை. ஆனால் பேணிக்குள் போட்ட காசு எங்கள் வீட்டில் எந்தக் காலத்தில் போட்ட காரியத்துக்குச் செலவானது. ஒருவரின் எஞ்சின் உடையும், ஒருவருக்குக் கலியாணம் வரும், எனக்கு வலை கிழியும், நான் கேட்பேன், நீ தருவாய், உன் தாய் மாதிரி முகம் சுளிக்காமல் தருவாய். காப்புறுதிக்குக் கட்டின காசை நான் கேட்க முடியாது. யார் கேட்டாலும் நீ எடுத்துக் கொடுக்க முடியாது, அது உன் பல்லுக்கு மட்டும்தான். அதனால் கட்டு, சின்னவளையும் சேர்த்துக் கட்டு, ஒரு வருசம் பல்லெல்லாம் சுகமாக இருந்து காசு வீணாய்ப் போனால் நன்றிப் பூசை ஒன்று கொடு. ஆனால் இப்போது கொதிக்கிற பல்லுக்கு அந்த ஆறு மாதம் காத்திருக்காதே. கல்லறைக் காசை எடுத்துக்கொண்டு போ. சேமக்காலையில் அம்மாவுக்கு மண்மேடும் சிலுவையும் இருக்கிறது, மார்பிள் இல்லையென்று அவள் கோபிக்கமாட்டாள். ஒப்புக்கொடுத்ததை நினைத்துப் பயப்படாதே, நான் சுவாமியிடம் கேட்டுவிட்டேன், தாயின் ஆத்துமத்துக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்றால் ஒரு செபமாலை சொல்லட்டும், நாளைக்கே டொக்டரிட்டப் போகட்டும் என்று சொன்னார். சின்னவளைப் பால்போத்தலோடு நித்திரையாக்கக் கூடாது என்று பெற்றிசியா எழுதச் சொன்னாள், அதையும் கவனி. மருமகனுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு, மாமாவைப்பற்றி என்ன நினைப்பாரோ என்று மறைக்காதே, மறைத்த கதை போதும்.

அம்மாவின் ஆண்டுப் பூசை சித்திரை பதினேழாம் திகதி காலை, நீயும் அங்கே கோவிலுக்குப் போ. மடுமாதா உன்னையும் உன் குடும்பத்தையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. என்மேல் உனக்குக் கோபம் வரும், வரத்தான் வேண்டும். ஒன்று மட்டும் மறவாதே, முதலில் பல்லைக் காட்டு. காட்டிவிட்டு வந்து போனை எடுத்து வாய்க்கு வந்தபடி ஏசு, உன் வாய் நன்றாகத் திறந்து மூடுகிறதா என்று பார்த்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து முத்தமிடும்,
அப்பா
ம. சிங்கராசா